கைக்கடிகாரமும் காலத்தின் கணக்கும்

 

 

ஒரு மனிதர் ஹலாலான வழியில் உழைத்துப் பொருளீட்டுகிறார். பேட்டரி இல்லாமல், சுருள்வில்லாலும் சக்கரங்களாலும் ஓடும் உயர்தரமான சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவருடைய இளமைக்கால ஆசை. சகோதரியின் திருமணம், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் என ஒவ்வொரு பொறுப்பும் அந்த ஆசையைத் தள்ளிப்போட்டது. இன்று பொறுப்புகள் நிறைவேறிவிட்டன. கையில் பணமும் சேர்ந்துவிட்டது. இப்போது அவர், “இதை நான் வாங்கலாமா? நாளை மறுமையில் இது வீண்விரயமாக எழுதப்பட்டிருக்குமா?” என்று கேட்கிறார். இது நியாயமான கேள்வி. இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறி அவரை அனுப்பிவிடுவது நியாயமாகாது.

முதலில், அவர் எதை வாங்குகிறார் என்பதைப் பார்ப்போம். இத்தகைய கடிகாரத்தில் இறுகச் சுற்றப்பட்ட ஒரு சுருள்வில் மெல்ல மெல்ல விரிகிறது. அந்த விசை பற்சக்கரங்களின் வழியே சென்று, இருபுறமும் ஊசலாடும் ஒரு சிறு சக்கரத்தை இயக்குகிறது. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 28,800 முறை துடிக்கிறது. அதாவது வினாடிக்கு 8 முறை, ஒரு நாளைக்கு 6,91,200 முறை. ‘ஆட்டோமேட்டிக்’ வகையில், அணிந்திருப்பவரின் கை அசைவே சுருள்வில்லைச் சுற்றிவிடுகிறது. கழற்றி வைத்துவிட்டால், பெரும்பாலானவை இரண்டு மூன்று நாட்களில் நின்றுவிடும்.

இனி அதன் துல்லியத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வமான சோதனை நிறுவனம் ஒரு கடிகார இயந்திரத்தை 15 நாட்கள் சோதிக்கிறது. சராசரியாக நாளொன்றுக்கு 4 வினாடிக்கு மேல் பிந்தாமலும், 6 வினாடிக்கு மேல் முந்தாமலும் இருந்தால்தான் தரச்சான்று வழங்குகிறது. கைவினையின் உச்சம் அது. ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம், ஒரு மாதம் முழுவதும் ஓடிய பின்னும் பெரும்பாலும் 15, 20 வினாடிகளுக்கு மேல் தவறுவதில்லை. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் ஸெய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 4,50,000 யென். பின்னர் விலை சரிந்தது. ஏழையின் கையிலும் துல்லியமான நேரம் வந்து சேர்ந்தது.

ஆகவே அன்பர்களே, பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் கடிகாரத்தில் நீங்கள் வாங்குவது நேரத்தை அன்று. ஒரு வினாடிகூட அதில் கூடுதலாகக் கிடைப்பதில்லை. நீங்கள் வாங்குவது ஒரு கைத்திறனை, ஓர் அழகை. அல்லது, பிறருடைய பார்வையை! இவற்றுள் எது என்பதை அறிந்தவர் இருவர்தாம். ஒருவர் நீங்கள், மற்றவன் உங்களைப் படைத்தவன்.

கைத்திறனை நேசிப்பது மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ‘அல்அஸ்ர்’ எனும் அத்தியாயத்தை ஓதி வளர்ந்த சமுதாயம் இது. தொழுகையின் வக்துகளைக் கணிப்பதற்காகவே பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ எனும் அறிஞர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் முவக்கித்தாக விளங்கிய இப்னு ஷாதிர், அதன் மினாராவிற்காகச் சூரியக் கடிகாரம் ஒன்றை 1371-72இல் வடித்துக் கொடுத்தார். அதற்கும் முன்பே, 1206இல் தமது நூலை முடித்த அல்ஜஸரி, யானை வடிவ நீர்க்கடிகாரத்தைச் செய்யும் முறையை அதில் விளக்கியிருந்தார். பதினாறாம் நூற்றாண்டில் தகியுத்தீன், இஸ்தான்பூல் வானாய்வுக் கூடத்திற்கென இயந்திரக் கடிகாரம் உருவாக்கினார். அந்தப் பெருமக்கள் கடிகாரத்தை நேசித்தார்கள். அந்த நேசம் வக்தைப் பேணுவதற்கும் அறிவை வளர்ப்பதற்கும் பயன்பட்டது.

அழகை விரும்புவதும் குற்றமன்று. தம் ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டுமென ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் அந்த விருப்பத்தைக் கண்டிக்கவில்லை. சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். எனவே உங்கள் கையில் இருப்பது எத்தனை லட்சம் என்பதைவிட, அதைக் கட்டிய பிறகு, சாதாரணக் கடிகாரம் கட்டிய சகோதரரை எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள் என்பதே பெரிய கேள்வி.

ஆயினும், கடைக்குப் புறப்படுமுன் சில கணக்குகளைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஜகாத். அணிந்துகொள்ளும் சாதாரணக் கடிகாரத்திற்கு ஜகாத் இல்லை. ஆனால் அதற்காகச் சேர்த்து வைத்த பணம் நிஸாப் அளவை எட்டி, ஒரு சந்திர ஆண்டு நிறைவடைந்திருந்தால் ஜகாத் உண்டு. ‘கடிகாரத்திற்காக எடுத்து வைத்தது’ என்று பெயர் சூட்டுவதால் அந்தக் கடமை நீங்கிவிடாது. 4,00,000 ரூபாய் ஓராண்டு இருந்தால் அதில் 10,000 ரூபாய் ஏழைகளுக்கு உரியது. ஐந்தாறு ஆண்டுகள் சேமித்தவர் ஒவ்வோர் ஆண்டின் கணக்கையும் பார்க்கட்டும். ஏழையின் பங்கைக் கையில் கட்டிக்கொண்டு நடப்பது நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, பிறருடைய உரிமை. திருப்பித் தர வேண்டிய கடன், மனைவிக்குத் தராமல் நிற்கும் மஹர், சகோதரிகளுக்குப் பிரித்துத் தராத வாரிசுப் பங்கு ஆகியவை பாக்கி இருக்குமானால், அந்தப் பணம் உண்மையில் உங்களுடைய பணமன்று.

மூன்றாவது, வாங்கும் முறை. வட்டியுடன் கூடிய மாதத் தவணையில் வாங்கி, அழகிய ஒரு பொருளை ஹராமின் வழியாக வீட்டிற்குள் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர் சுங்கத்தீர்வையை மறைக்க வேண்டாம். போலி முத்திரை பொறித்த கடிகாரத்தை அணிந்து, அசலென்று பிறரை நம்ப வைப்பதும் ஏமாற்றுதான்.

நான்காவது, பொருளின் தன்மை. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே தங்கத்தாலான கடிகாரம் எவ்வளவு அழகாக இருப்பினும் நமக்குரியதன்று. உருக்கினால் செய்யப்பட்ட நல்ல கடிகாரங்கள் ஏராளமாக இருக்கின்றன.

இந்தக் கணக்குகள் அனைத்தும் தீர்ந்த பின்னும், வருவாயின் அளவைப் பாருங்கள். விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் காட்டாமல், இரண்டிற்கும் இடையில் நிற்பவர்களையே இறைமறை புகழ்கிறது. குடும்பத்தின் ஓராண்டுச் செலவை விழுங்கிவிடும் கடிகாரம் ஒருவருக்கு விரயம். அதே கடிகாரம் செல்வத்தில் சிறு துளியாக இருக்கும் மற்றொருவருக்கு அவ்வாறு ஆகாமலிருக்கலாம். வாங்கியதோடும் செலவு முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயிட வேண்டும். அந்தச் செலவில் பல குவார்ட்ஸ் கடிகாரங்கள் வாங்கிவிடலாம். எனவே வீட்டாருடன் கலந்து பேசுங்கள். மனைவிக்கு விலையை மறைத்து வாங்க வேண்டியிருந்தால், அந்த மறைப்பே உங்கள் கேள்விக்கு விடையாகிவிடும்.

இனி, வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சியோடு அணியுங்கள், அல்லாஹ்வின் அருளுக்கு நன்றி செலுத்துங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். வேலைப்பாடு கொண்ட மேலாடை ஒன்றை அணிந்து நபி (ஸல்) அவர்கள் தொழுதபோது, அதன் கோலங்கள் அவர்களுடைய கவனத்தை ஈர்த்தன. தொழுகை முடிந்ததும் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களுக்குக் கொடுத்தனுப்பி, அவரிடமிருந்த எளிய ஆடையைக் கேட்டு வாங்கினார்கள். அந்த ஆடை ஹராமானதன்று. தொழுகைக்கும் மனத்திற்கும் இடையில் வந்தது. அதுவே போதுமானதாயிற்று. தக்பீர் கட்டிய கையில் உங்கள் கண் கடிகாரத்தைத் தேடுமானால், தொழுகை நேரத்திலேனும் அதைக் கழற்றிப் பையில் வையுங்கள். அதன் பின்னும் மனம் அதிலேயே நிற்குமானால், அதைவிட்டு விலகவும் துணியுங்கள்.

சகோதரர்களே! பாங்கோசை கேட்டும் கடையை விட்டு எழாத கையில், உலகின் மிகச் சிறந்த கடிகாரம் இருந்தென்ன பயன்? நூறு ரூபாய்க் கடிகாரம் கட்டி, முதல் வரிசைக்கு வந்து சேரும் தொழிலாளியிடமன்றோ நேரம் இருக்கிறது! நின்றுபோன கடிகாரத்திற்குச் சாவி கொடுத்து மீண்டும் ஓட வைக்கலாம். நமக்குரிய தவணை நின்றுவிட்டால் மீண்டும் சாவி கொடுப்பார் எவருமில்லை.

வல்ல ரஹ்மான் நமக்கு ஹலாலான செல்வத்தையும், அதில் போதுமென்ற மனத்தையும், எஞ்சியுள்ள காலத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.