நகரசபை அங்கத்தினரின் கடமை

(திருவண்ணாமலையில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

சர் பிட்டி தியாகராய செட்டியாரைத் தேவாங்க குலத்தோன்றல் என்று நாம் பெருமை பேசுகின்றோம். உலகம் போற்றுவதோ அவர்தம் செயலை. 1882 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டு சென்னை நகரசபையில் அவர் தொண்டாற்றினார். 1920-இல் முதன்மந்திரிப் பதவி தம்மை நாடி வந்தும் அதனை ஏற்றிலர். நகரசபைத் தலைமையிலேயே நிலைத்தார். அவ்வாண்டே ஆயிரம் விளக்குப் பள்ளிச் சிறார்க்கு நண்பகற் சிற்றுண்டி வழங்கச் சபை தீர்மானித்தது. மாணாக்கர் ஒருவர்க்கு நாட்செலவு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரையறை. பசித்த வயிற்றிற் பாடம் ஏறாது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவோம்.

நம் திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியாயிற்று. பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோர்க்கும், ஊரில் வாழ்வோர்க்கும் குடிநீரும் தூய்மையும் ஒருங்கே வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர் நம்மவரோ என வினவுதல் எளிது. தம் வட்டத்துப் பள்ளிக்கும் குழாய்க்கும் சாக்கடைக்கும் யாது செய்தார் என வினவுதலே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாம்.