நாலு பேர் வேண்டும்

வானொலி மறையுரை: உலக நோயாளர் நாள்
நற்செய்தி வாசகம்: மாற்கு 2:1-12



பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். அந்த நாளையே திருஅவை உலக நோயாளர் நாளாகவும் சிறப்பிக்கிறது. புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டில் இந்நாளை ஏற்படுத்தினார். அதையொட்டி, கப்பர்நாகுமில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இன்று சிந்திப்போம்.

இயேசு ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். வாசல்வரை கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் கட்டிலோடு சுமந்து வருகிறார்கள். உள்ளே நுழைய வழியில்லை. நாமாக இருந்தால், "இன்றைக்குக் கூட்டம் அதிகம், நாளைக்கு வருவோம்" என்று திரும்பியிருப்போம். அவர்களோ கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, திறப்பு உண்டாக்கி, கட்டிலை இயேசுவுக்கு முன்பாக இறக்குகிறார்கள்.

இதில் இரண்டு காரியங்களைக் கவனிப்போம். முதலாவது, அந்த நோயாளர் மாற்கு நற்செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. "என்னைக் குணமாக்கும்" என்று கேட்கவும் இல்லை. தம்மைத் தூக்கிச் செல்ல அந்த நால்வரையும் அவர் அனுமதித்தார், அவ்வளவுதான். இரண்டாவது, இயேசு பார்த்தது நோயாளரின் நம்பிக்கையை மட்டும் அல்ல, 'அவர்களுடைய' நம்பிக்கையை என்கிறார் நற்செய்தியாளர். ஒருவர் எழ முடியாமல் கிடக்கும்போது, செபிக்கவும் தெம்பில்லாதபோது, அவருடைய நம்பிக்கையையும் சேர்த்துப் பிறர் சுமக்க முடியும். அதை ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? சர்க்கரை என்றால் எல்லாரிடமும் சொல்கிறோம். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்கிறோம். "பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம், வெளியே தெரிய வேண்டாம்." "நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்." "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது." இப்படிச் சொல்லிச் சொல்லி, நோயாளர் ஓர் அறையிலும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ சமையலறையிலும் தனித்தனியாக அழுகிறார்கள். பல மாதங்கள் கழித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரிகிறது.

"கடைசியில் தூக்கிப்போக நாலு பேராவது வேண்டாமா?" என்று நம் ஊரில் கேட்பார்கள். சாவு வீட்டுக்கு நாம் தவறாமல் போகிறோம். சவப்பெட்டியைச் சுமக்கத் தோள் கொடுக்கிறோம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் நற்செய்தி காட்டும் நால்வர், அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவரைச் சுமந்தார்கள். நம்முடைய நாலு பேரும் அப்போதே வர வேண்டும். அவர்கள் வர வேண்டுமானால், நோயாளரும் அவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

உதவி கேட்பதில் என்ன வெட்கம்? கெத்சமனித் தோட்டத்தில் இயேசு என்ன செய்தார்? பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் உடன் அழைத்துப்போனார். தம் உள்ளத்தின் துயரத்தை அவர்களிடம் மறைக்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். கல்வாரிப் பாதையில் சீரேன் ஊரானாகிய சீமோன் சிலுவையைச் சுமக்க, அதையும் ஏற்றுக்கொண்டார். இறைமகனே தம் வேதனையில் நண்பர்களின் துணையைத் தேடினார் என்றால், நாம் தேடுவது பலவீனம் ஆகாது.

சரி, நோயாளரைப் பார்க்கப் போகிற நாம் என்ன செய்ய வேண்டும்? யோபுவின் நண்பர்கள் மூவர் நமக்குப் பாடம். அவருடைய துன்பத்தைக் கேள்விப்பட்டுத் தொலைவிலிருந்து வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்தபோதுதான் வினை வந்தது. "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்" என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். நாமும் சிலவேளை அப்படித்தான்! "எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான், மூன்று மாதம்கூட இருக்கவில்லை" என்போம். "இந்த ஆஸ்பத்திரிக்கு ஏன் போனீர்கள்?" என்போம். "கடவுள் சோதிக்கிறார்" என்போம். எழுந்து வந்துவிடுவோம். நோயாளர் அன்று இரவு தூங்குவதில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் வாழ்வில் நடந்த ஒன்றைப் பலமுறை பகிர்ந்திருக்கிறார். 1957ஆம் ஆண்டு, புவெனஸ் ஐரெஸ் நகரில் அவர் குருமடத்து மாணவர். நுரையீரலில் கடுமையான நோய்த்தொற்று. சாகும் நிலைக்குப் போய்விட்டார். பின்னர் வலது நுரையீரலின் ஒரு பகுதியையே அறுவை செய்து எடுக்க வேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள், "எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொன்னார்கள். அந்தச் சொற்கள் அவருடைய மனத்தைத் தொடவில்லை. சிறுவயதில் முதல் நற்கருணைக்கு அவரைத் தயாரித்த அருள்சகோதரி மரிய தொலோரெஸ் ஒருநாள் வந்தார். அவருடைய கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அவர் இயேசுவைப் போல ஆகிவருகிறார் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அந்த உடனிருப்பே தமக்குப் பெரிய தேற்றரவாக இருந்தது என்றார் திருத்தந்தை.

அதே மருத்துவமனையில் கொர்னேலியா கராலியோ என்ற தொமினிக்கன் சபை அருள்சகோதரி செவிலியராக இருந்தார். நோயாளர்களோடே நாளெல்லாம் இருந்தவர் அவர். மருத்துவர் குறித்த மருந்தின் அளவு போதாது என்று தம் அனுபவத்தால் உணர்ந்து, பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கூடுதலாகக் கொடுக்கச் செய்தார். தம் உயிரைக் காத்தவர் அவரே என்று திருத்தந்தை நன்றியோடு சொல்லிவந்தார். இதைக் கேட்டுவிட்டு நாம் வீட்டில் மாத்திரையின் அளவை மாற்றிவிடக் கூடாது! கட்டிலருகே நிற்பவரின் கண்கள் எவ்வளவு காண்கின்றன என்பதே இங்கு நாம் கற்க வேண்டியது.

உண்மைதானே? மருத்துவர் சில நிமிடங்கள் வந்து பார்த்துச் செல்கிறார். இரவு இரண்டு மணிக்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்ததைக் கவனிப்பவர் யார்? படுக்கை நனைந்தால் முகம் சுளிக்காமல் விரிப்பை மாற்றுபவர் யார்? "பயப்படாதீங்க அம்மா, நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்பவர் யார்? தம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இரவுப் பணிக்கு வந்த செவிலியர். அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அதட்டி வேலை வாங்காமல் நன்றி சொல்வோம். செவிலியர்களின் பாதுகாவலரான புனித கமில்லஸ், தீராத கால்புண்ணோடு உரோமை மருத்துவமனையில் நோயாளராகக் கிடந்தவர். அங்கே நோயாளர் படும் பாட்டைக் கண்டதால்தான் பிறகு அவர்களுக்காகவே ஒரு துறவற சபையைத் தொடங்கினார்.

அன்பியங்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கணவரோடு மனைவி போய்விட்டால், பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிடட்டும்" என்று நாமே சொல்வோம். "வெள்ளிக்கிழமை நான் கூட இருக்கிறேன், நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்" என்போம். கூரையைப் பிரிப்பது என்றால் இதுதான்.

இன்னொன்று. "ஃபாதரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார்" என்று பலர் கடைசி மூச்சுவரை காத்திருக்கிறார்கள். முன்பு 'அவஸ்தைபூசுதல்' என்று அழைத்ததால் வந்த அச்சம் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை 'நோயில்பூசுதல்' என்று சொல்வதே பொருத்தம் என்று தெளிவாக்கிவிட்டது. இது சாகிறவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. கடும் நோயுற்றவர்கள், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், முதுமையால் தளர்ந்தவர்கள் எல்லாரும் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். எனவே நேரத்தோடு அழையுங்கள்.

அன்புக்குரிய நோயாளர்களே, அந்த நால்வர் சுமந்த மனிதர் எழுந்து நடந்தார். நாம் எல்லாரும் அப்படி உடனே எழுவோம் என்று சொல்வதற்கில்லை. சிலருக்கு நோய் தீரும், சிலருக்குத் தீராது. ஆனால் யாரும் தனியே கிடக்க வேண்டியதில்லை. இன்றைக்கே ஒருவரிடம், நம்பிக்கைக்குரிய ஒரே ஒருவரிடம், மனம் திறந்து சொல்லுங்கள். நால்வரில் முதலாமவர் அவராக இருக்கட்டும்.

செபிப்போம். ஆண்டவரே, நோயுற்றோரின் அருகில் எங்களை அனுப்பும். எங்கள் வாய்க்குக் காவலையும் கைகளுக்குக் கனிவையும் தாரும். இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர்களை ஆசீர்வதியும். நாங்கள் நோயில் விழும் நாளில், பிறர் தோளில் சாய்ந்துகொள்ளும் தாழ்ச்சியை எங்களுக்குத் தாரும். நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.