குறுக்கே அடுக்கிய கல்



வெள்ளி விழா மேடையில் நெடிய சொற்பொழிவாற்ற நாம் விரும்பவில்லை. ஆங்கிலம் கற்பித்தே காலங்கழித்த பழக்கத்தால் ஓர் ஆங்கிலப் பெயரடையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். 'அப்ஸ்ட்ரக்டிவ்' என்பது அச்சொல்.

இலத்தீன் மொழியில் 'ஸ்ட்ருவெரெ' என்றால் அடுக்குதல், கட்டுதல் என்று பொருள். 'ஆப்' என்னும் முன்னொட்டு சேர்ந்தால் குறுக்கே அடுக்குதல் என்றாகும். எனவே, முன்செல்வோரின் குறுக்கே நின்று இடையூறு செய்கிற என்பதே இப்பெயரடையின் பொருள். கட்டுதலைக் குறிக்கும் 'கன்ஸ்ட்ரக்ட்', கற்பித்தலைக் குறிக்கும் 'இன்ஸ்ட்ரக்ட்' ஆகியனவும் இதே வேரில் பிறந்தவை. கல் ஒன்றே, உள்ளே அடுக்கினால் கல்வி, குறுக்கே அடுக்கினால் தடை.

இனி வழக்கினைக் காண்போம். மூச்சுக் குழல்கள் குறுகிக் காற்றோட்டம் தடைப்படும் நாட்பட்ட நுரையீரல் நோயை மருத்துவர்கள் இச்சொல்லால் குறிப்பர். காற்று அறவே நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு மூச்சும் பாடுபட்டே வெளிவருகிறது. கூட்டத்தில் வேலை நடக்கவொட்டாமல் ஆட்சேபத்தின்மேல் ஆட்சேபம் எழுப்புவோரையும் இச்சொல்லால் சுட்டுவர். 'கடினமான' என்னும் பொருளில் இதனை ஆளலாகாது. கணக்குப் பாடம் கடினமாயிருக்கலாம், அது அப்ஸ்ட்ரக்டிவ் அன்று. தீமை வாராமல் காப்பதற்கும் இச்சொல் ஆகாது. அதற்குப் 'பிரிவென்டிவ்' என்ற சொல் உண்டு. தேர்ச் சக்கரத்தில் இடும் முட்டுக்கட்டை தேரை நெறிப்படுத்துகிறது. ஓடவேண்டிய தேரை அது நிலையிலேயே நிறுத்திவிட்டால்தான் இச்சொல் பொருந்தும்.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளிப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளிக் கதவு அவருக்கு அடைக்கப்படவில்லை. ஆயினும் தனியே கோணியில் அமர்ந்தார்; பிறர் குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தாகம் தீர்க்க வழியில்லை. சமஸ்கிருதம் படிக்க விரும்பியவர் அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்தது. திறந்த கதவுக்கு உள்ளேயும் கல் அடுக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சட்டமும் இச்சொல்லை அறியும். 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1976இல் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிய சட்டத்தின் 7ஆம் பிரிவு, தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையைத் துய்ப்போர்க்கு 'அப்ஸ்ட்ரக்ஷன்' விளைவிப்பதோடு, விளைவிக்க முயல்வதையும் குற்றமென்கிறது.

பிறரைச் சுட்டுவதோடு முடித்துவிட நமக்கு உரிமையில்லை. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற புதிதில், முதல் மணி அடித்ததும் வாயிற்கதவைப் பூட்டச் சொன்னோம். அதற்கு ஒழுங்கு என்று பெயரிட்டோம். நம் சமூகத்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் வெளியே நின்றாள். முதற் பாடவேளை ஆங்கிலம். ஆண்டிறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் தவறினாள். மாற்றுச் சான்றிதழ் பெற வந்த அன்றுதான் காரணம் கேட்டோம். "அம்மா விடியுமுன்னே களையெடுக்கப் போய்விடும். தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியை பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் வரமுடியும், ஐயா" என்றாள். ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! அவ்வாண்டு முழுதும் குறுக்கே நின்றவர்கள் ஊராரல்லர், நாமே. மறு ஆண்டு கதவு பூட்டப்படவில்லை. ஆங்கிலம் மூன்றாம் பாடவேளைக்கு மாற்றப்பட்டது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்தான் இல்லை.

இச்சங்கம் 25 ஆண்டுகளாகக் கல்லை உள்ளே அடுக்கி வருகிறது. ஆசிரியர்களே, பெற்றோர்களே! நமது விதிகளையும் பழக்கங்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். குறுக்கே கிடப்பது நம் கையால் வைத்த கல்லாயின், நம் கையாலேயே அதை எடுப்போம். சங்கம் பொன்விழாக் காண வாழ்த்தி அமைகிறோம்.