ஆண்டுக்கொரு காங்கயம் கன்று

கொறங்காட்டை நம்பிக் காங்கயம் மாடு வளர்ப்போருக்குப் பால் பெரிய வருமானம் அன்று. கன்று குடித்தது போகக் கிடைப்பது கொஞ்சம்தான். கன்றை வளர்த்துச் சந்தையில் விற்பதே வருமானம். கன்று ஈனாத ஆண்டில் பசுவால் நமக்குத் தீவனச் செலவுதான் மிச்சம். ஆகவே ஆண்டுக்கொரு கன்று பெறுவதே நம் குறிக்கோளாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். 365 நாட்களில் அது போக மிஞ்சுவது 85 நாட்கள். ஈன்ற பசுவின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப 60 நாட்கள் ஓய்வு தேவை. ஆக, 60ஆம் நாளுக்கும் 85ஆம் நாளுக்கும் இடையில் பசு சினையாக வேண்டும். சினைப்பருவம் 21 நாட்களுக்கு ஒரு முறைதான் வரும் என்பதை மறவாதீர்கள்.

தை, மாசி

ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் தழைத்து, கார்த்திகை, மார்கழியில் மாடு தேறி நிற்கும். ஐப்பசியில் ஈன்ற பசு தையில் பருவத்துக்கு வரும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் பட்டியில் நின்று கவனியுங்கள். அடிக்கடி கத்துதல், பிற மாடுகள் தன்மேல் தாவும்போது அசையாது நிற்றல், அறையிலிருந்து கண்ணாடி போன்ற கோழை வடிதல் ஆகியவை அறிகுறிகள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் காளைக்குச் சேர்க்கலாம். அல்லது சினை ஊசி போடலாம். தேதியைக் குறித்து வையுங்கள். 21ஆம் நாளை ஒட்டி மீண்டும் கவனியுங்கள். திரும்பப் பருவத்துக்கு வராவிட்டாலும், மூன்றாம் மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சினையை உறுதி செய்து கொள்ளுங்கள்.

சொந்தக் காளை வைத்திருப்போர், அதன் கிடேரிகள் பருவமடையும் முன் காளையை மாற்றி விடுங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை

தை, மாசியைத் தவறவிட்டால் என்ன ஆகும்? பங்குனியில் புல் காய்ந்து மாடு மெலியும். மெலிந்த மாடு பருவத்துக்கு வராது. வந்தாலும் அறிகுறி வெளியே தெரியாது. பங்குனியில் சினையானால் மார்கழியில் ஈனும். அதன் அடுத்த பருவம் மறுபடியும் கோடையில் விழும். இப்படித்தான் ஒரு கன்று கைநழுவிப் போகிறது.

கோடைக்கு முன்பே தீவனம் சேமியுங்கள். மாடொன்றுக்கு நாளைக்கு 5 கிலோ சோளத்தட்டு என்றால் 90 நாட்களுக்கு 450 கிலோ வேண்டும். வெள்வேல மரத்து நெற்றுகளைப் பொறுக்கித் தட்டோடு கொடுங்கள். நாள்தோறும் 30 கிராம் தாது உப்புக் கலவையும், நிழலும், நிறையத் தண்ணீரும் தேவை. கிளுவை வேலியால் தடுத்த காடுகளை மாற்றி மாற்றி மேய விடுங்கள். ஒரே காட்டை அடியோடு மேய்த்து விட்டால், மழை வந்தாலும் புல் தழையாது.

ஆவணி முதல் ஐப்பசி வரை

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்தி விடுங்கள். மேய்ச்சலுடன் நாள்தோறும் ஒரு கிலோ அடர்தீவனம் கொடுத்தால் கன்று திடமாகப் பிறக்கும். ஈன்ற பசுவும் காலத்தில் பருவத்துக்கு வரும். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுங்கள். தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளை மழைக்கு முன் போட்டு விடுங்கள்.

கன்று பிறந்ததும் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 20 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டு லிட்டர் வரை தேவை. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால், கையால் இழுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

இன்றே உங்கள் வீட்டு நாட்காட்டியில், ஒவ்வொரு பசுவும் ஈன்ற நாளையும் அதிலிருந்து 60ஆம் நாளையும் குறித்து வையுங்கள். அந்த நாள் முதல் காலையும் மாலையும் பட்டியில் கால் மணி நேரம் நின்றால், ஆண்டுதோறும் கன்று பெற வழி பிறக்கும்.