நடுங்க வைப்பது மேடையா, பெற்றோரா?
('பெற்றோரே' என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் இருந்தாலும் நல்லவர்களான நண்பர்களே! (சிரிப்பு)

நான் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறவள். நாட்டியப் போட்டியில் குழந்தையை நடுங்க வைப்பது மேடைதான் என்று எதிரணியில் அடித்துச் சொன்னார்கள். ஐயா, மேடை வெறும் பலகைங்க! அது யாரை என்ன பண்ணும்?

படபடப்பு வரும். வரத்தான் வேணும். நெஞ்சு வேகமா அடிக்கும், கை சில்லிடும், அரைமண்டியில் தொடை நடுங்கும். உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. பெரிய வேலைக்கு உடம்பு தயாராகிறது என்று அர்த்தம். ஆனா நாம என்ன செய்யறோம்? "பயப்படாதே, பயப்படாதே"ன்னு பத்துத் தடவை சொல்றோம். அதுவரைக்கும் சும்மா இருந்த பிள்ளைகூட, "ஓஹோ, பயப்பட ஏதோ இருக்கு போல"ன்னு முழிக்குது! (பலத்த சிரிப்பு)

2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆலிசன் உட் புரூக்ஸ் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மேடையில் பேசுவதற்கு முன்னால் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்களாம். அதனால, படபடப்பை அடக்கச் சொல்லாதீங்க. "உடம்பு ரெடியாயிடுச்சு, போய் சந்தோஷமா ஆடு"ன்னு சொல்லுங்க.

"நடுவில் அடவு மறந்து போனா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கச்சேரியில் நட்டுவனார் மேடையிலேயே உட்கார்ந்திருப்பார். பிள்ளை தடுமாறினால், ஜதியைச் சொல்லி இழுத்துப் பிடித்துவிடுவார். இன்றைக்குப் பல போட்டிகளில் இருப்பது பென் டிரைவ்! அது யாருக்காகவும் நிற்காது. (சிரிப்பு)

அதனால் என் வகுப்பில் ஒரு பழக்கம். பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போதே, "நிறுத்து" என்பேன். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த தீர்மானத்தில் அவளே தாளத்தைப் பிடித்து உள்ளே நுழைய வேண்டும். பத்துத் தடவை அப்படி நுழைந்தவளுக்கு, மறதி பூச்சாண்டி இல்லை. போட்டிக்கு முந்தின வாரம் சலங்கை, உடை, தலை அலங்காரம் எல்லாவற்றோடும் இரண்டு முறை முழுசா ஆட வைக்கணும். ஓரமா நிற்கும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லணும். மேடைக்கான மருந்து அவ்வளவுதாங்க!

ஆனா, இந்த மருந்துக்குக் கட்டுப்படாத பயம் ஒண்ணு இருக்கு. அடவு தப்பினதும் குழந்தை யாரைப் பார்க்குது தெரியுமா? நடுவரை இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அம்மா முகத்தை! அந்த முகம் சுருங்கினா, பிள்ளைக்குத் தாளமும் காதில் விழாது.

என்னிடம் படித்த ஒரு பெண் இரண்டாம் பரிசு வாங்கினாள். கோப்பை கையில் இருக்கும்போதே, "முதல் பரிசு வாங்கினவளைப் பார்த்தியா, எப்படிக் கண்ணை உருட்டினா?" என்று கேட்டார் அப்பா. அடுத்த வாரம் சலங்கையை என் மேஜையில் வைத்துவிட்டு, "இனிமே வேண்டாம் மிஸ்" என்று போய்விட்டாள். நடுவர் அவர்களே, அவளை மேடை துரத்தவில்லை. மேடை அவளுக்குப் பரிசு கொடுத்தது! (நீண்ட கைதட்டல்)

பெற்றோர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடிவு அறிவிக்கும் முன்னாடியே பிள்ளையைக் கூப்பிட்டு, "ஆடும்போது உனக்கு எந்த இடம் பிடிச்சுது?"ன்னு கேளுங்க. பரிசு வந்தாலும் வராவிட்டாலும், நாளைக்கு வகுப்புக்கு அவ ஓடி வருவா.

மேடைப் பயத்தைப் பயிற்சி போக்கும். வீட்டுப் பயத்தை நீங்கள்தான் போக்க வேண்டும். ஆகவே, நடுங்க வைப்பது பெற்றோரே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)