உதகைக் கடைவீதியும் வாடகை வழக்கும்

பெரம்பூரில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய பள்ளிக்கு எதிரே ஒரு புத்தகக் கடை இருந்தது. நோட்டுப் புத்தகம், மைப் புட்டி, வரைபடத்தாள், தேர்வுக்காலத்தில் பழைய வினாத்தாள்கள் ஆகியவை அங்கே கிடைக்கும். கையில் காசில்லாத பிள்ளைக்குக் கடனாகவும் கிடைக்கும். கடையின் உரிமையாளர் ஒரு நாள் மாலையில் தகரப் பெட்டி ஒன்றுடன் என் இல்லத்திற்கு வந்தார். இடத்துக்கு உரியவர்கள் கடையைக் காலி செய்யுமாறு வக்கீல் நோட்டீசு அனுப்பியிருந்தனர். "ஐயா, என்னிடம் அக்ரிமெண்ட் இருக்கிறது. படித்துச் சொல்லுங்கள்" என்றார். பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த முத்திரைத்தாளைப் படித்தேன். அது 11 மாத ஒப்பந்தம். எழுதப்பெற்ற ஆண்டு 1983. அவர் என் முன் அமர்ந்திருந்ததோ 2006-ஆம் ஆண்டில்.

மாணவர்களே, இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்திற்கே எழுதப்படுவது ஏன்? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்த பத்திரத்தின் வாயிலாகவே செய்தல் வேண்டும். பதிவுச் செலவுக்கு அஞ்சி இருதரப்பாரும் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்வர். காலம் முடியும், புதுப்பிப்பார் இல்லை. வாடகை கொடுப்பவர் கொடுத்துக்கொண்டே இருப்பார். வாங்குபவரும் வாங்கிக்கொண்டே இருப்பார். அப்பொழுது அது மாதவாடகை ஆகிவிடுகிறது. அதே சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தமோ தனிச் சட்டமோ இல்லாவிடில், மாதவாடகையை முடிக்கப் 15 நாள் அறிவிப்பே போதும். இருபத்து மூன்று ஆண்டு நடத்திய வணிகம் பதினைந்து நாள் நூலில் தொங்குகிறது என்பதை அன்று அவருக்கு நான் எவ்வாறு எடுத்துரைப்பேன்?

ஒரு தெருவில் நிகழ்ந்த இது, ஒரு நகரம் முழுவதற்கும் நிகழ்வதுண்டு. உதகமண்டலத்தைக் கருதுங்கள். நம் பெரம்பூர் இரயிற்பெட்டித் தொழிற்சாலையில் உருவான பெட்டிகளும் அங்கே மலையேறுகின்றன. ஆதலால் அவ்வூர் நமக்கு முற்றும் அயலூர் அன்று. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா, இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. சென்னை மாகாண அரசு கோடையில் அங்கே சென்று தங்கியது. 1866-இல் நகராட்சி அமைந்தது. 1908-இல் இரயில் உதகையை எட்டியது. 2005-இல் அம்மலை இரயில் உலக மரபுச் சின்னமாயிற்று.

பூங்காவையும் ஏரியையும் காண்போர் பலர். நகராட்சிச் சந்தையை நின்று காண்போர் சிலரே. காரட், உருளைக்கிழங்கு, பூண்டு, தேயிலை, தைலம் ஆகிய யாவும் அங்கே உண்டு. படகர் சிற்றூர்களிலிருந்து இறங்கி வருவோர் அங்கேதான் அரிசியும் துணியும் வாங்குவர். உண்மையில் ஊரின் அடுக்களை அதுதான்.

அச்சந்தையின் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளுக்கு 2021 ஆகஸ்டில் நகராட்சி முத்திரை வைத்தது. கடைவாடகையை நகராட்சி திருத்தி உயர்த்தியிருந்தது. உயர்வு பன்மடங்கு என்று வணிகர் மறுத்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. இதற்கிடையில் நிலுவை பல கோடியாகத் திரண்டது. வாடகை வரவு இல்லையேல் குப்பை அள்ளுவதற்கும் தெருவிளக்கு எரிப்பதற்கும் பணம் ஏது என்று நகராட்சி கேட்டது. கொரோனாத் தொற்றினால் இரண்டு கோடைகள் வணிகமின்றிக் கழிந்தனவே என்று வணிகர் கேட்டனர். இரு வினாக்களும் நியாயமானவையே. அதனால்தான் இவ்வழக்கு கடினமாயிற்று.

இங்கே ஒரு கணக்கு. கடை வாடகை 100 ரூபாய் என்க. மூன்றாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்குப் பதினைந்து வீதம் உயர்த்திச் சென்றால், முப்பதாண்டு முடிவில் அது எவ்வளவாகும்? நூற்றைம்பது உயரும் என்று விரைந்து கூறாதீர்கள், கூட்டுவட்டிபோலக் கணக்கிடுக. ஏறத்தாழ 405 ரூபாய் வரும். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் முணுமுணுப்பார், ஆயினும் கொடுப்பார். முப்பதாண்டு வாளாவிருந்துவிட்டு, ஒரு காலையில் 405 கொடு என்றாலோ கடை தாங்காது. தொகை ஒன்றே, கேட்ட முறைதான் வேறு. வாடகையை உரிய காலத்தில் உயர்த்தாமல் விடுவதை மக்கள் அன்பென்று கொள்கின்றனர். தேர்தலை எண்ணி ஒத்திப்போட்டதை அன்பென்று நான் சொல்லமாட்டேன்.

வணிகர் தரப்பிலும் குற்றம் உண்டு. குறைந்த வாடகைக்குக் கடை எடுத்தவர், தாம் நடத்தாமல், அதிக வாடகைக்கு வேறொருவருக்கு விடும் உள்வாடகை வழக்கம் நகராட்சிக் கடைகளில் ஊர்தோறும் கேட்கப்படும் புகார். விடியலில் வந்து கடை திறப்பவர் ஒருவர். ஏட்டில் பெயர் உள்ளவர் மற்றொருவர். பூட்டு விழும் நாளில் முன்னவர் வாய் திறவார். அவர் கையில் துண்டுச் சீட்டும் இராது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அரசுக்கும் உள்ளாட்சிக்கும் உரிய கட்டடங்களுக்குப் பொருந்தாது.

சிறு கடைக்காரருக்கு மட்டுமே வந்த நோய் என்று எண்ணற்க. அதே உதகையில், ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட குதிரைப் பந்தயத் திடலைக் குத்தகை நிலுவை காரணமாக அரசு 2024-இல் திரும்ப எடுத்துக்கொண்டது. கேட்ட நிலுவை 822 கோடி ரூபாய். சென்னைக் கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம் 1945-இல் 99 ஆண்டுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டுக்கு 614 ரூபாய், சில அணாக்கள்! அக்குத்தகையும் 2024-இல் நீக்கப்பட்டது. அணா என்னும் நாணயமே ஒழிந்த பின்னும் அந்தத் தொகை பல்லாண்டு ஏட்டில் நின்றது காண்க.

உதகைக்கு வருவோர் மிகப் பலர். வண்டிப் பெருக்கம் தாளாமல், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் இ-பாஸ் முறையே வந்தது. ஆயினும் வருகின்றவர் பணம் சந்தைக்குள் வருவது அரிது. காரில் வந்து, விடுதியில் உண்டு, சாலையோரப் பெருங்கடையில் சாக்லேட் வாங்கித் திரும்புவோர்க்குப் பழைய சந்தையின் ஈரத்தரையும் ஒழுகும் கூரையும் எதற்கு? வழக்கில் இருக்கும் கட்டடத்தைச் செப்பனிட நகராட்சிக்கு மனம் வராது. தனக்கு நிலைக்குமோ என்று ஐயுறும் கடைக்காரரும் சுண்ணாம்பு அடிக்கமாட்டார். ஊர் நலிவது இவ்வாறுதான்.

முத்திரையிட்ட கடைகள் பின்னர் நிலுவையில் ஒரு பகுதியைச் செலுத்தித் திறக்கப்பட்டன. அதற்கும் பின்னர்ப் பழைய கடைகளில் ஒரு பகுதியை இடித்துப் புதியன கட்டும் பணி தொடங்கியது. வணிகர் தற்காலிகக் கடைகளுக்குச் சென்றனர். புதிய கட்டடத்தில் எந்தக் கடை யாருக்கு, எவ்வளவு வாடகைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பது அவர்கள் வினா. நம் பெரம்பூர்ப் புத்தகக் கடைக்காரருக்கு அவ்வினா எழுப்பவும் இடமில்லாது போயிற்று. மூன்றாண்டு வழக்கு நடத்திச் சோர்ந்து, ஒரு ஜூன் மாதம், பள்ளி திறக்கும் வாரத்தில், கடையைக் காலி செய்தார். கடன் எழுதிய நோட்டை மட்டும் என்னிடம் தந்து சென்றார். அதில் இருந்த பெயர்களுள் பாதிப்பேர் என் மாணவர்.