வீடு எழும்பியது, வேலை எங்கே?

(சோளிங்கரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



யுத்தம் என்பது எங்கோ நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 1781 செப்டம்பர் 27-ந் தேதி ஐதர் அலியின் படையும் கும்பினிப் படையும் மோதியது இதே சோளிங்கரில்தான். ஜெயித்த தளபதியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மிதிபட்ட பயிருக்கு ஈடு கொடுத்தது யார்? அதை யார் எழுதி வைத்தார்கள்?

இலங்கையின் வடக்கே 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. லட்சக்கணக்கான தமிழ் ஜனங்கள் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். இந்திய வைத்தியக் குழு ஒன்று புல்மோட்டையிலும், பிறகு செட்டிக்குளத்திலும் ஆஸ்பத்திரி போட்டு 50,000 பேருக்கு மேல் சிகிச்சை செய்தது. சரி, காயம் ஆறியது. ஊருக்குத் திரும்ப முடிந்ததா? வழியெல்லாம் கண்ணிவெடி!

அந்த வெடிகளை எடுத்தவர்கள் யார் தெரியுமா? பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா, நார்வே முதலான நாடுகள் பணம் கொடுத்தன. ஹாலோ டிரஸ்ட் போன்ற ஸ்தாபனங்கள் பயிற்சி கொடுத்தன. ஆனால் வெயிலில் மண்டியிட்டு, களத்தில் நாம் பிடிக்கும் வாரியைப் போன்ற இரும்பு வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர்களில் பலர் அந்த மண்ணின் பெண்களே; புருஷனை யுத்தத்தில் பறிகொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் கிளறி முடித்த பிறகுதான் கொத்தனார் கரண்டியோடு உள்ளே நுழைய முடிந்தது.

இப்போது வீட்டுக்கு வருவோம். இந்திய சர்க்கார் 50,000 வீடுகளுக்குப் பணம் கொடுத்தது. கடனல்ல, மானியம். இந்தப் பணத்தில் நாம் வாங்கும் தீப்பெட்டியின் வரியும் சேர்த்தி. ஆகவே கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு. முதல் 1,000 வீடுகளைக் காண்டிராக்டர் வைத்துக் கட்டினார்கள். 2012 அக்டோபர் 2-ந் தேதி துவங்கிய அடுத்த கட்டத்தில் வழியை மாற்றினார்கள். குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய், நான்கு தவணையாக, வேலை நடக்க நடக்க நேரே பாங்குக் கணக்குக்கு. கட்டுவது அந்தக் குடும்பமே. ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் கூட நின்று யோசனை சொல்லின, மேற்பார்வை செய்தன. சிமெண்டில் எவ்வளவு மணல் கலக்கிறது என்று வீட்டுக்காரியே நின்று பார்த்தாள். நம் காலனி வீடுகள் முதல் மழையிலேயே ஒழுகுவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் முழுவதும் பாராட்ட முடியாது. மணல் விலை ஏறியது, கூலி ஏறியது. தவணைப் பணம் போதவில்லை. தாலியை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். அதைத் தொடர்ந்து வந்தது குழுக் கடன், வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரன்! இந்த அனுபவம் உங்களுக்குப் புதிதா, தாய்மார்களே? வடக்கே அது எவ்வளவு முற்றியதென்றால், 2018-ல் இலங்கை சர்க்காரே வறட்சி பாதித்த ஜில்லாக்களில் பெண்கள் வாங்கிய அந்தச் சிறு கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

ஏன் கடன்? சம்பாதிக்க வழி இல்லை. காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை 1990-ல் நின்றது. பரந்தன் ரசாயன ஆலை யுத்தத்தில் பாழாயிற்று. ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை திரும்பத் திறக்கவே 2025 மார்ச் ஆயிற்று. விவசாயச் சங்கங்களுக்கு இந்தியா 500 டிராக்டர் கொடுத்தது, நல்லதே. உழ நிலம் வேண்டாமா? பல இடங்களில் நிலம் ராணுவத்தின் கையில். முல்லைத்தீவு பிலவுக்குடியிருப்பில் 2017-ல் ஜனங்கள், அதிலும் பெண்கள், குழந்தைகளோடு விமானப்படை முகாம் வாசலில் இரவும் பகலும் ஒரு மாதம் உட்கார்ந்தார்கள். அதன் பிறகே மார்ச் 1-ந் தேதி நிலம் கைக்கு வந்தது. எந்த வெளிநாட்டு ஸ்தாபனமும் அதை வாங்கிக் கொடுக்கவில்லை.

ரயிலையும் சொல்ல வேண்டும். தண்டவாளத்தையும் கட்டைகளையும் பிடுங்கிப் பதுங்கு குழி கட்டிவிட்டார்கள். இந்தியா கொடுத்த கடனில், இந்திய சர்க்காரின் இர்க்கான் கம்பெனி புதிதாகப் பாதை போட்டது. 1990-ல் நின்ற யாழ்தேவி 2014 அக்டோபர் 13-ந் தேதி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. சோளிங்கர் ஸ்டேஷனில் 24 வருஷம் வண்டி நிற்காவிட்டால் அரக்கோணத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் வேலைக்குப் போகிறவன் கதி என்ன? நினைத்துப் பாருங்கள். ஆனால் இது கடன். அதை அடைப்பதும் அந்த ஏழை ஜனங்களின் வரிப்பணமே.

நம் பக்கத்திலேயே, வேலூர் மேல்மொணவூரில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் முகாம்களில் 3,510 வீடுகள் கட்ட 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டியது அங்கேதான். முகாம்களில் உள்ளவர்கள் நம்மோடு கட்டிட வேலையிலும் பெயிண்ட் வேலையிலும் நிற்கிறவர்கள். அப்படி ஒரு பெரியவரிடம், "அங்கே வீடு கட்டிக் கொடுக்கிறார்களே, திரும்பிப் போகவில்லையா ஐயா?" என்று கேட்டேன். அவர் சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்: "வீடு சரி, தம்பி. என் காணி என்னிடம் வருமா? என் பேரனுக்கு அங்கே என்ன வேலை?"